நாலேகால் அங்குல வாய்க்கால்

நினியன் ஹேனே வெட்டிய வடிகாலில் தண்ணீர் தேங்கி நின்றதாக ஸ்காட்லாந்தில் எங்கள் கேலோவே பக்கத்தில் ஒருவரும் குறை சொன்னதில்லை. மனுஷன் வாயைத்தான் திறக்கமாட்டார் என்று வேண்டுமானால் சொல்வார்கள். பதினாலு வயதில் அப்பாவோடு சேற்றில் இறங்கியவர். நடுவில் பிரான்சுக்கு யுத்தத்துக்குப் போனார். அங்கேயும் அவர் கையில் மண்வெட்டியைக் கொடுத்துப் பதுங்குகுழி வெட்டத்தான் விட்டார்கள். உயிரோடு திரும்பி வந்து, எங்கள் பக்கத்து ஈர வயல்களை ஒவ்வொன்றாக உலர வைத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செத்துப்போன தங்கையின் மகன் கில்பர்ட் மில்ராய் ஒருவன்தான் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இருந்தவன். கில்பர்ட் குத்தகைக்கு எடுத்திருந்த பார்வின்னி பண்ணையில், தொழுவத்தை ஒட்டிய அறையில் அவர் குடியிருந்தார்.

வடிகால் வெட்டுவது சும்மா பள்ளம் தோண்டுகிற வேலை இல்லை. முதலில் அகலமாக மூன்றடி இறக்க வேண்டும். பிறகு அடியில், சுட்ட மண் குழாய் ஆடாமல் உட்கார, குறுகலாக ஒரு வாய்க்கால் சீவ வேண்டும். அதற்கென்று நினியனிடம் ஒரு நீண்ட, ஒடுங்கிய மண்வெட்டி இருந்தது. நாற்பது வருடம் களிமண்ணில் தேய்ந்து தேய்ந்து அதன் அலகு அவருக்கே உரிய ஓர் அளவுக்கு வந்திருந்தது. எந்தப் பள்ளத்தின் அடிக்குப் போனாலும் அவர் கை தானாக அந்த மண்வெட்டியைத் தேடும். செத்த ஆட்டைப் புதைக்கக் குழி வெட்டினால்கூட அடியில் ஒரு வாய்க்கால் சீவித்தான் மேலே ஏறுவார் என்று கில்பர்ட் கிண்டல் செய்வான். அது கிண்டலும் இல்லை, நடந்ததுதான்.

பார்வின்னி முக்கால்வாசி பாறையும் புதரும். ஓடைக்கரையில் கீழ்வயல் என்று ஒரே ஒரு சமதளம். குளிர்காலத்தில் மாடும் ஆடும் தின்கிற அத்தனை தீனியும் அந்த ஒரு வயலில் விளைந்தாக வேண்டும். தாத்தா காலத்துக் குழாய்கள் அடைத்துப்போய், ஒவ்வொரு மழைக்கும் வயல் கொஞ்சம் கொஞ்சமாகப் புளித்துக்கொண்டிருந்தது. அதைச் சீர் செய்தால் குத்தகையைப் புதுப்பிப்போம், இல்லாவிட்டால் யோசிக்க வேண்டியிருக்கும் என்று நிலத்துக்குச் சொந்தமான எஸ்டேட்டின் மேனேஜர் சொல்லிவிட்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருடம் பார்லி அறுவடை முடிந்ததும் நினியன் புதுக் குழாய் இறக்குவது என்று பேச்சு. குழாய்கள்கூட வந்து இறங்கி, கொட்டகை ஓரம் அடுக்கியாயிற்று.

அந்த ஜூலை மாதம்தான் மிஸ் ஃபென்விக் வந்தார். பல்கலைக்கழகத்தில் பழம்பொருள் ஆராய்ச்சி செய்கிறவர். நாற்பது வயதிருக்கும், ஆம்பளை பூட்ஸ், நெருப்புக்குச்சி மாதிரி உடம்பு. கையில் ஒரு போட்டோ. முந்தின வருட வறட்சியில் ஆகாய விமானத்திலிருந்து எடுத்தது. கீழ்வயல் பார்லியில், மற்ற பயிரெல்லாம் வெளுத்திருக்க, ஒரு கோடு மட்டும் கரும்பச்சையாக, மூலை மழுங்கிய சதுரமாக ஓடியது. அடியில் பழைய அகழி இருந்தால் அங்கே ஈரம் தங்கிப் பயிர் செழிக்கும். ரோமாபுரிப் படை முகாம்களின் மூலைகள் இப்படித்தான் மழுங்கியிருக்கும் என்றார்.

"ரோமாபுரிக்காரனா? இந்த மழையில அவன் எதுக்கு இங்க வந்தான்?" என்றான் கில்பர்ட்.

"என்னைய இங்க கட்டிக்குடுத்தப்ப எங்கம்மாவும் இதத்தான் கேட்டாங்க," என்றாள் அவன் மனைவி எஃபி, ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே.

மிஸ் ஃபென்விக்கிடம் நாலு மாணவர்களும் இரண்டு வாரமும் இருந்தன. மாணவர்கள் மண்ணைத் தோண்டியதைவிடத் தங்கள் விரலைத் தோண்டியதுதான் அதிகம். அதனால் கில்பர்ட் மாமாவை அனுப்பி வைத்தான். முதல் நாளே மிஸ் ஃபென்விக் ஆளைப் புரிந்துகொண்டார். பழைய அகழிக்குள் விழுந்து நிரம்பிய மண் எது, தொடாத களிமண் எது என்று நிறத்தைப் பார்க்காமல், மண்வெட்டி இறங்கும் சத்தத்திலேயே நினியன் சொல்லிவிடுவார்.

ஆனால் பத்து நாளாகியும் ஒன்றும் அகப்படவில்லை. ஒரு பானை ஓடு இல்லை, ஒரு ஆணி இல்லை. எங்கள் மண்ணின் புளிப்பு எலும்பையும் இரும்பையும் தின்றுவிடும். மதியம் தேநீர் குடிக்கும்போது மிஸ் ஃபென்விக் மனம்விட்டுச் சொன்னார்.

"ரோமாபுரிக்காரன்னு நிரூபிக்க ஒண்ணும் இல்ல, மிஸ்டர் ஹேனே. மாட்டுக்குப் பட்டி போட உள்ளூர்க்காரன் வெட்டினதா இருக்கலாம். அந்த மாதிரி இந்தப் பக்கம் நூறு இருக்கு. அதுக்கெல்லாம் யாரும் கவலப்படப் போறதில்ல."

"அப்ப மூடிரலாமா, மிஸ்?"

"வெள்ளிக்கிழம மூடிரலாம்."

வியாழக்கிழமை ஒரு மாணவன் கடப்பாரையைக் காலில் போட்டுக்கொண்டான். மிஸ் ஃபென்விக் அவனைக் காரில் ஏற்றி டம்ஃப்ரீஸ் ஆஸ்பத்திரிக்கு விரைந்தார். போகிற அவசரத்தில் ஜன்னல் வழியே சொன்னார்: "கருப்பு மண்ண மட்டும் எடுங்க, மிஸ்டர் ஹேனே. களிமண் வந்ததும் நிறுத்திருங்க."

நினியன் கருப்பு மண்ணை எடுத்தார். இரண்டு பக்கமும் சரிந்து இறங்கி, அடியில் வந்து கூடும் அகழி. களிமண் வந்தது. நிறுத்தத்தான் நிறுத்தினார். ஆனால் அடியில் ஊற்றெடுத்து, பூட்ஸ் முழுகத் தண்ணீர் நின்றது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. தண்ணீரில் நிற்கிற பள்ளத்தை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக நினியனால் முடியுமா? பள்ளத்தின் சுவரில் சாய்த்திருந்த ஒடுங்கிய மண்வெட்டியை எடுத்து, அடியில் நேர்கோடாக, அரையடி ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் சீவி, தண்ணீரை ஓர் ஓரமாக ஒதுக்கினார். ஐந்து நிமிட வேலை. சீவிய மண்ணை மேலே எறிந்துவிட்டு, தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டுப் போனார். ராத்திரி முழுக்க மழை கொட்டியது.

காலையில் மிஸ் ஃபென்விக் இறங்கிப் பார்த்தபோது மழை அந்த வாய்க்காலை மெல்லிய சாம்பல் வண்டலால் நிரப்பியிருந்தது. அவர் சிறு கரண்டியால் வண்டலைச் சுரண்டினார். சுரண்டச் சுரண்ட, செங்குத்தான இரண்டு பக்கமும் தட்டையான அடியுமாகக் களிமண்ணில் ஒரு காடி வெளிப்பட்டது. அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மாணவர்களைக் கூப்பிட்டார். அளந்தார்கள், வரைந்தார்கள், போட்டோ எடுத்தார்கள். மேலே நின்ற நினியன், தான் சீவிய நேர்த்தியைத்தான் இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டார். கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கஞ்சி குடிக்கப் போய்விட்டார். அன்று மாலையே பள்ளத்தை மூடினார்கள். முடிவு தெரியும்வரை வயலைத் தொட வேண்டாம் என்று மிஸ் ஃபென்விக் கேட்டுக்கொண்டதால், குழாய் இறக்குவதை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போட்டார்கள்.

விஷயம் அவருக்கு விளங்கியது அடுத்த பிப்ரவரியில். ஊர் டவுன் ஹாலில் மிஸ் ஃபென்விக் பேச வந்திருந்தார். கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம். மழைக்காலத்தில் எங்களுக்கும் போக வேறு இடமில்லை. மூன்றாவது வரிசையில் கில்பர்ட்டுக்கும் எஃபிக்கும் நடுவில் நினியன். திரையில் அந்த வாய்க்கால், ஆள் உயரத்துக்கு.

ரோமாபுரிப் படைவீரர்கள் அகழியை அடிக்கடி தூர் வாருவார்கள், அப்போது அடியில் மண்வெட்டி அகலத்துக்கு இப்படியொரு காடி விழும், அதுதான் அவர்கள் கைரேகை என்றார் மிஸ் ஃபென்விக். இது உள்ளூர் மாட்டுப்பட்டியில் இருக்காது. ரோமாபுரி இங்கே வந்திருந்தது என்பதற்கு இந்த ஒன்றே சாட்சி.

 தன் மண்வெட்டியின் தடம் நினியனுக்குத் தெரியாதா? வலது ஓரத்தில் அலகு சற்று மடங்கிய வடுகூட அந்தப் படத்தில் தெரிந்தது. எழுந்து சொல்லிவிட வேண்டியதுதான் என்று முழங்காலில் கையை ஊன்றினார். அதே நேரம் மிஸ் ஃபென்விக், "இத ஒரு கீறல் இல்லாம வெளிய கொண்டுவந்தவர் இங்கதான் இருக்கார், மிஸ்டர் நினியன் ஹேனே, கொஞ்சம் எழுந்திருங்க" என்றார். அவர் எழுந்தார். ஹால் முழுக்கக் கை தட்டியது. பாதிரியார் வந்து கையைக் குலுக்கினார். நாற்பத்தைந்து வருடம் இவர்கள் வயலையெல்லாம் உலர்த்தியிருக்கிறார், அதற்கு ஒருவரும் கை தட்டியதில்லை.

வெளியே வரும்போது கில்பர்ட் தோளில் தட்டினான். "மாமா, இனிமே உங்ககூட நடந்தா எங்களையும் நாலு பேரு பாப்பாங்க."

"வாய மூடிட்டு நட, மாப்ள," என்றார் நினியன்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்தார். மறுநாள் உள்ளூர் பேப்பரில் அவர் பெயர் எழுத்துப் பிழையில்லாமல் வந்திருந்தது. அதை வெட்டி பைபிளுக்குள் வைத்தார். அப்புறம் வாரம் போயிற்று, மாதம் போயிற்று. சொல்லாமல் விட்ட ஒன்றை நாள் கழித்துச் சொல்வது முதல் நாளைவிடக் கஷ்டம், யாருக்குத்தான் தெரியாது.

ஏப்ரலில் அரசாங்கத்திலிருந்து ஒரு ஆள் வந்தார். கீழ்வயல் இனிப் பாதுகாக்கப்பட்ட இடம். கலப்பை ஆறு அங்குலத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. வடிகால் வெட்டக் கூடாது. எஸ்டேட் மேனேஜர் சர்க்காரோடு மல்லுக்கட்ட விரும்பாமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். நினியன் முற்றத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். மை காயாத காகிதம் அது. அன்றும் சொல்லவில்லை, எனக்கு அவர்மேல் உள்ள கோபம் அந்த ஒரு நாளைப் பற்றித்தான்.

கீழ்வயல் இரண்டு குளிர்காலத்தில் செத்துப்போனது. முதல் வருடம் பார்லி மஞ்சளித்தது. இரண்டாம் வருடம் கோரை முளைத்தது. வெட்டிப் போட்ட புல் காயாமல் அழுகியது. தீனி போதாமல் ஆடுகள் மெலிந்து, ஈன்ற குட்டிகளுக்குப் பால் இல்லை. மார்ச் மாதம் முழுக்க கில்பர்ட் தினமும் காலையில் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய், செத்த குட்டிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். புதைக்கும் வேலையை நினியன் கேட்டு வாங்கிக்கொண்டார். எஃபி சமையலறையில் பாடுவதை நிறுத்திவிட்டாள். மே மாதக் கெடுவோடு குத்தகை முடிகிறது, புதுப்பிப்பதற்கில்லை என்று எஸ்டேட்டிலிருந்து கடிதம் வந்தது.

"பதினேழு வருஷம்," என்றான் கில்பர்ட், கடிதத்தை மடித்துக்கொண்டே. "ரோமாபுரிக்காரன் நம்மள ஜெயிச்சுட்டான், மாமா."

மறுநாள் நினியன் தேவாலயத்துக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒடுங்கிய மண்வெட்டியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு, முதல் பஸ் ஏறினார். எங்கே என்று யாரிடமும் சொல்லவில்லை. பிறகு ரயில். யுத்தத்துக்குப் பிறகு அவர் ரயில் ஏறியது அன்றுதான்.

மிஸ் ஃபென்விக்கின் அறையில் புத்தகங்களை நகர்த்தி அவருக்கு நாற்காலி போட்டார்கள். நினியன் உட்காரவில்லை. சாக்கை அவிழ்த்து மண்வெட்டியை மேஜைமேல் வைத்தார்.

"அந்த வாய்க்கால் நான் சீவினது, மிஸ். தண்ணி நின்னுச்சு."

மிஸ் ஃபென்விக் அந்த அலகைப் பார்த்தார். பிறகு எழுந்து, ஓர் இழுப்பறையிலிருந்து வரைபடத்தை எடுத்து விரித்தார். காடியின் அகலம் அவர் கையெழுத்திலேயே எழுதியிருந்தது: நாலேகால் அங்குலம். அடிக்கோலை எடுத்து அலகின்மேல் வைத்தார். நாலேகால். மறுபடியும் வைத்துப் பார்த்தார். அடிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"அன்னைக்கு எனக்குத் தெரியாது. டவுன் ஹால்லதான் தெரிஞ்சுது."

"அப்ப ஏன் சொல்லல, மிஸ்டர் ஹேனே?"

நினியன் தொப்பியைக் கையில் சுழற்றினார். பொய் சொல்ல அவருக்கு வராது. "கை தட்டினாங்க, மிஸ்," என்றார்.

அந்த அம்மாள் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. தன் மாணவர்கள் முன்னால் மண்ணை இப்படிப் படிக்க வேண்டும் என்று மூன்று வருடமாகப் பாடம் நடத்திய படம் அது. பெரிய பதவி ஒன்று அவருக்கு வரவிருந்தது அந்தப் படத்தால்தான் என்று பிற்பாடு தெரிந்தது. "நான் எழுதித் தெரியப்படுத்துறேன்," என்றார். "சாயந்தர ரயிலுக்கு நேரம் இருக்கு, ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். சொன்னபடியே எழுதினார், ஒளிக்காமல், ஆராய்ச்சிப் பத்திரிகையிலும், அரசாங்கத்துக்கும். பதவி வேறொருவருக்குப் போனது. அவருடைய துறையில் சிலர் அதை வைத்து வருடக்கணக்காகச் சிரித்தார்கள்.

நினியன் வீட்டில் மூச்சு விடவில்லை. வயல் விடுபட்டதும் நல்ல சேதியோடு சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். இரண்டு வாரத்தில் தன் கையாலேயே குழாய் இறக்கிவிடலாம், எஸ்டேட்டும் மனது மாறும் என்றெல்லாம் கணக்குப் போட்டார். கொட்டகை ஓரம் பாசி பிடித்துக் கிடந்த குழாய்களை ஒவ்வொன்றாகக் கழுவி வைத்தார். எஃபி அதைப் பார்த்துவிட்டு, கிழவருக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று பயந்தாள்.

ஏப்ரல் கடைசியில் கடிதம் வந்தது, குத்தகைக்காரன் பெயருக்கு. சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். கில்பர்ட் உறையைக் கிழித்து, வழக்கம்போல் சத்தமாகவே படித்தான்.

அகழியின் அடியில் இருந்த காடி, தோண்டியபோது வேலையாளின் மண்வெட்டியால் ஏற்பட்டது என்று ஆராய்ச்சியாளர் தெரிவித்திருக்கிறார். அந்த வேலையாள் இதை ஐம்பத்தொன்பது பிப்ரவரியிலிருந்தே அறிந்திருக்கிறார். பட்டியலில் சேர்ப்பதற்கு முன் இது தெரிந்திருந்தால் இந்த இடம் பரிசீலனைக்கே வந்திருக்காது. ஆயினும் சேர்த்தாகிவிட்டது. ரோமானியர் வெட்டியதோ வேறு எவர் வெட்டியதோ, அகழி பழமையானதுதான். ஆகவே பாதுகாப்பை நீக்கக் காரணம் எதுவும் இல்லை.

படித்து முடித்தவன் மறுபடியும் நடுவில் ஒரு வரிக்குப் போனான். இந்த முறை சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

"பிப்ரவரி," என்றான். "டவுன் ஹால் கூட்டமா?"

நினியன் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"அதிகாரி வந்து முற்றத்துல நின்னப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் குட்டி பொறுக்கிட்டு வந்தப்ப?"

"கில்பர்ட், விடுங்க," என்றாள் எஃபி.

"ரெண்டு வருஷமா, மாமா?"

 கில்பர்ட் கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டான். மிச்ச சூப்பைக் குடித்து முடித்தான். எழுந்து மாட்டைப் பார்க்கப் போனான். அன்றிலிருந்து மாமாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று நினியன் பின்னால் ஒரே ஒரு முறை, அதுவும் பாதிரியாரிடம், சொன்னாராம்.

மே மாதம் பண்ணையில் ஏலம் நடந்தது. ஆடு, மாடு, கலப்பை, பால் குடம், எல்லாம் முற்றத்தில் வரிசையாக நின்றன. நாங்களெல்லாம் போயிருந்தோம், போகாமல் இருப்பது அவமரியாதை, போய் வாங்குவதும் கஷ்டம். கில்பர்ட் குடும்பத்தோடு அயர்ஷயருக்குப் போய், முப்பத்தெட்டு வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கினான். ஆகாயத்தின் கீழே வளர்ந்தவன். நினியன் ஊருக்குள் ஒரு அறை எடுத்துத் தங்கினார். வடிகால் வெட்டக் கூப்பிட்டவர்களிடம் முதுகு வலி என்று சொல்லி அனுப்பினார். கிறிஸ்துமஸுக்கு எஃபியிடமிருந்து வாழ்த்து வரும். அடியில் 'எஃபியும் பிள்ளைகளும்' என்று இருக்கும். அவர் அதை ஜன்னலில் வைத்து ஈஸ்டர் வரைக்கும் எடுக்கமாட்டார்.

இப்படிப் பதினோரு வருடம் இருந்தார். எழுபத்திரண்டாம் வருடம் நவம்பரில் நெஞ்சில் சளி கட்டி, மூன்று நாளில் போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் சவப்பெட்டியை எட்டுக் கயிற்றில் இறக்குவோம். யாருக்கு எந்தக் கயிறு என்று எண் போட்டு, அடக்கத்துக்கு ஏற்பாடு செய்கிற ஈமக்காரர் முன்கூட்டியே அட்டை அனுப்பிவிடுவார். ஒன்றாம் எண் தலைமாட்டுக் கயிறு. அது நெருங்கிய ஆண் சொந்தத்துக்கு. கில்பர்ட்டுக்கு அட்டை போயிற்று. வரமாட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வந்தான். ஆள் பாதியாகியிருந்தான், மூச்சு இழுத்தது. கறுப்புக் கோட்டும் டையுமாக, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, குழிக்குப் பத்தடி தள்ளி நின்றான்.

ஈமக்காரர் எண்களைப் படித்தார். "ஒன்று, மிஸ்டர் கில்பர்ட் மில்ராய்." ஒருவரும் அசையவில்லை. மறுபடியும் படித்தார். நாங்கள் ஏழு பேர் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். கில்பர்ட் ஓரடி எடுத்து வைத்தான். அவ்வளவுதான், அதற்கு மேல் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஈமக்காரர் பட்டியலைப் பையில் போட்டுக்கொண்டு தானே தலைமாட்டுக் கயிற்றை எடுத்தார். இறக்கினோம்.

எல்லாம் முடிந்து வெளிக்கதவுக்கு வரும்போது பாதிரியார் அவன் பக்கத்தில் போனார். "நீயே பிடிச்சிருக்கலாமே, கில்பர்ட்," என்றார்.

"பிடிக்கணும்னுதான் வந்தேன்," என்றான் கில்பர்ட். "கை வரல."

அட்டையைத் திருப்பிக் கொடுக்கலாமா, யாரிடம் கொடுக்க வேண்டும் என்று கேட்டான். அது உன்னிடமே இருக்கட்டும் என்றார் பாதிரியார். அவன் அதைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு நாலு மணி பஸ்ஸுக்குப் போனான்.